டிரிக்கர் பிரதிஷ்டை

இணக்கபுரம் சபையின் பொருளாளர் மாசில்லாமணி அண்ணாச்சி ஒரு கல்யாண ஆராதனையின் நடுவில் ஒயரில் கால் தட்டி விழுந்தார். ஒயர் போட்டோகிராபர் மெர்வினுடையது. விழுந்த இடம் பெண்கள் பக்கம். அடி ஒன்றும் பலமில்லை. எழுந்து வேட்டியை இறுக்கிக்கொண்டு, சிதறிய காணிக்கையைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று விட்டிருக்கலாம். சாதாரண ஆள் விழுந்திருந்தால் தூக்கிவிட்டு, பார்த்து வாங்க என்று சொல்லியிருப்போம். விழுந்தவர் பொருளாளர் என்பதால் கமிட்டி கூடியது.

எங்கள் சபையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற வழியில், கால்வாய் ஓரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். இணக்கபுரம் என்று பெயர் வைத்த மிஷனெரி, வைத்த கையோடு கப்பல் ஏறிவிட்டார். இருந்து பார்த்திருந்தால் மாற்றி வைத்திருப்பார். ஒரு வருஷம் அசனப் பண்டிகையில், அதாவது ஊர் மொத்தமும் பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுகிற பண்டிகையில், சோற்று அண்டாவைக் கோயிலுக்குக் கிழக்கே ஏற்றுவதா மேற்கே ஏற்றுவதா என்று ஒரு பேச்சு எழுந்தது. அன்றைக்குக் கிழக்கே நின்றவர்கள் கிழக்கடுப்பு அணி. மேற்கே நின்றவர்கள் மேற்கடுப்பு அணி. நின்றவர்களில் பாதிப் பேர் கல்லறைக்குப் போய்விட்டார்கள். அங்கேயும் தனித்தனி வரிசைதான்.

செயலர் பாக்கியசீலன் சார்வாள் கிழக்கடுப்பு. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மாசில்லாமணி அண்ணாச்சி மேற்கடுப்பு. உரக்கடை வைத்திருக்கிறார். இருவரும் நேரில் பேசிக்கொள்வதில்லை. செயலருக்குப் பொருளாளர் சொல்ல வேண்டியதை ஐயரிடம் சொல்வார். எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வது. செயலரும் பதிலை ஐயரிடமே சொல்வார். மூவரும் ஒரே மேசையில் ஒரே தட்டிலிருந்து முறுக்கு எடுத்துக்கொண்டேதான் இது நடக்கும். பேச்சு முற்றினால் ஐயர், "ஜெபிப்போம்" என்பார். அவருக்குத் தெரிந்த நிர்வாகம் அது ஒன்றுதான்.

கமிட்டி கூடி, கோயிலுக்குள் ஒயருக்குத் தடை விதித்தது. தடை விதிக்கிற மும்முரத்தில் கேமராவின் தலையில் மாட்டுகிற பிளாஷுக்கும் தடை விதித்தது. அதற்கும் காரணம் இருந்தது. போன வருஷம் ஒரு கல்யாணத்தில் பிளாஷ் வெளிச்சம் ஐயரின் கண்ணில் அடித்து, அவர் மாப்பிள்ளையின் பெயருக்குப் பதிலாகத் தோழனின் பெயரைச் சொல்லி, இவளை மனைவியாக ஏற்றுக்கொள்கிறாயா என்று கேட்டுவிட்டார். தோழனும் பதற்றத்தில் ஆம் என்றுவிட்டான். அதைச் சரிசெய்யப் பெண் வீட்டார் பட்ட பாடு தனிக்கதை.

இனிமேல் கோயிலுக்குள் படம் எடுப்பது எப்படி என்ற கேள்விக்குப் பதில் சொல்ல மெர்வினைக் கூப்பிட்டார்கள். அவன் பொறுமையாகச் சொன்னான். ஒயர் இல்லாமல் பிளாஷை எரிய வைக்க டிரிக்கர் என்று ஒரு சாமான் இருக்கிறது. கேமராவின் மேல் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. அது உத்தரவு கொடுக்கும். பிளாஷின் அடியில் இன்னொரு பெட்டி. அது உத்தரவை வாங்கும். இவன் படம் எடுக்கப் பட்டனை அழுத்தினால் ரேடியோ அலை போய், எத்தனை பிளாஷ் எந்த மூலையில் இருந்தாலும் எரிய வைக்கும். விலை குறைந்ததே போதும், அசனக் கிடாவின் ஒரு தொடை விலைகூட ஆகாது, நானே வாங்கிக்கொள்கிறேன் என்றான். அவன் செய்த ஒரே பிழை இந்தக் கடைசி வாக்கியம். ஒரு காரியத்தைத் தானே செய்துகொள்கிறேன் என்று கமிட்டி முன்னால் சொல்லக் கூடாது. சொன்னால், அப்போது நாங்கள் எதற்கு என்று அதற்குத் தோன்றிவிடும்.

செயலர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏலே மெர்வின், நீ நல்ல பையன். ஆனா இன்னைக்கு நீ ஒரு அலை விடுவ. நாளைக்கு இன்னொருத்தன் வந்து வேற அலை விடுவான். அப்ப யாருலே பொறுப்பு? அலை கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததை நிர்வாகம் பண்ணுததுக்குத்தான் கமிட்டி இருக்கு."

கோயிலுக்குள் தனியார் அலை கூடாது, டிரிக்கரைச் சபையே தெரிவு செய்து சபையே வாங்கும், சபையின் டிரிக்கரைக் கொண்டு மட்டுமே படம் எடுக்க வேண்டும், மீறுகிற போட்டோகிராபர் கோயில் காம்பவுண்டுக்குள் நுழையக் கூடாது என்று தீர்மானம் ஆயிற்று. மெர்வினுடைய பிழைப்பில் பாதி இந்தக் காம்பவுண்டுக்குள்தான் இருக்கிறது. அவன் தலையாட்டிவிட்டு வந்தான்.

அவனுக்கு அவசரம் இருந்தது. தங்கை ஸ்டெபிக்கு ஈஸ்டர் கழிந்து கல்யாணம். தகப்பனார் பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா சாரம்மாள் ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்து இரண்டையும் ஆளாக்கினாள். கல்யாணப் பெண்ணைக் கைபிடித்து வாசலிலிருந்து பீடம் வரைக்கும் கூட்டிக்கொண்டு போவது தகப்பன் வேலை. இல்லாவிட்டால் தாய்மாமன் வேலை. ஸ்டெபி, அம்மா கையைப் பிடித்துத்தான் நடப்பேன், இல்லையென்றால் நடக்கவே மாட்டேன் என்றுவிட்டாள். தாய்மாமன் முறுக்கிக்கொண்டு போய், பந்தி நினைவு வந்ததும் திரும்பி வந்தார். எங்கள் கோயிலில் ஒரு தாய் அப்படி நடக்கப்போவது அதுதான் முதல் தடவை. சபையில் எத்தனையோ குரூப் போட்டோ எடுத்திருக்கிறார்கள். ஒன்றிலும் சாரம்மாள் கிடையாது. அந்த நேரத்தில் அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள், அல்லது அண்டா கழுவிக்கொண்டிருப்பாள்.

ஊரார் கல்யாணத்தையெல்லாம் படம் பிடிக்கிற மெர்வினுக்குத் தன் அம்மா நடக்கிற அந்த ஒரு நடையைப் பிடித்துவிட வேண்டும். வேறு ஆளை வைத்து எடு, நீ அண்ணனாக நில் என்று சொன்னவர்களிடம் முடியாது என்றுவிட்டான். வாசல் பக்கம் மேல்மாடத்துக்குக் கீழே பகலிலும் இருட்டு. அவன் கேமரா பழசு. பிளாஷ் இல்லாமல் எடுத்தால் முகத்தில் ரவையைத் தூவினதுபோல் வரும். பாதையின் இரண்டு ஓரமும் ஒவ்வொரு பிளாஷ் நின்று ஒரே நேரத்தில் எரிந்தால் இரண்டு முகமும் துலங்கும். இது அவ்வளவு பெரிய ஆசை இல்லை. ஒரு டிரிக்கர் செட் இருந்தால் தீர்கிற ஆசை.

கமிட்டி ஓர் உபகமிட்டியை அமைத்தது. அதற்கு 'கம்பியில்லா ஒளியூட்டுக் கருவித் தெரிவு உபகமிட்டி' என்று பெயர் வைப்பதிலேயே முதல் கூட்டம் முடிந்தது. இரண்டு அணிக்கும் சம எண்ணிக்கையில் ஆள். நடுவில் ஐயர். அவர் தொடக்க ஜெபமும் முடிவு ஜெபமும் செய்தார். இடையில் வடை வந்தது.

இரண்டாவது கூட்டத்துக்கு மெர்வின், திருநெல்வேலி ஜங்ஷனில் கேமரா சாமான் விற்கிற தாஜ் முகம்மதுவின் கடையிலிருந்து ஒரு டிரிக்கர் பெட்டியைப் பார்வைக்காக வாங்கி வந்திருந்தான். பெட்டியின் மேல், நூறு மீட்டர் தூரம் வேலை செய்யும் என்று போட்டிருந்தது. மாசில்லாமணி அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு ஐயர் பக்கம் திரும்பினார்.

"ஐயரவாள், செயலர்கிட்ட ஒண்ணு கேளுங்க. நம்ம கோயில் நீளம் நாப்பது மீட்டர். மிச்ச அலை எங்கன போகும்? பின்தெருவுல ஆர்.சி. கோயில்லா இருக்கு. நம்ம காணிக்கையில வாங்குத அலையை அவங்க எதுக்கு அனுபவிக்கணும்?"

செயலர் யோசித்தார். பிறகு, பொருளாளர் கேட்பது நியாயம் என்று ஐயரிடம் சொன்னார். இரண்டு அடுப்பும் ஒரே கருத்துக்கு வந்தது எனக்கு நினைவு தெரிந்து அன்றுதான். அலை காம்பவுண்டுச் சுவரோடு நிற்க வேண்டும் என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அலை சுவரைப் பார்த்து நிற்காது என்று மெர்வின் சொல்லிப் பார்த்தான். போட்டோகிராபர் ஒத்துழைக்கவில்லை என்று குறித்துக்கொண்டார்கள்.

சுவர் இல்லாத இடத்தில் அலை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டால் ஒரு தெளிவு கிடைக்கும் என்று அடுத்த வாரம் யாரோ சொன்னார்கள். அதனால் உபகமிட்டி ஆய்வுப் பயணமாகப் பாபநாசத்துக்குப் போயிற்று. ஒரு வேன். புளியோதரை, அவித்த முட்டை, எண்ணெய், துண்டு. மெர்வினைத் தொழில்நுட்ப ஆலோசகராக அழைத்துப் போனார்கள். துண்டுகளை அவன்தான் சுமந்தான். அருவியில் குளித்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டு முடித்த பிறகுதான், சோதிப்பதற்குக் கருவி எதுவும் கொண்டுவரவில்லை என்பது தெரியவந்தது. பார்வைக்கு வந்த பெட்டியைத்தான் தாஜ் முகம்மதுவிடம் திருப்பிக் கொடுத்தாயிற்றே. வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று செயலர் ஒரு பாறையிலும் பொருளாளர் எதிர்ப் பாறையிலும் ஏறி நின்றார்கள். செயலர் கைக்குட்டையை ஆட்டினார். அதைப் பார்த்ததற்கு அடையாளமாகத் தலையசைக்கப் பொருளாளர் மறுத்துவிட்டார். தலையசைத்தால் நேரடிப் பேச்சு ஆகிவிடும் அல்லவா. திறந்தவெளியில் அலை தங்குதடையின்றிச் செல்கிறது, அருவிப் பக்கம் சற்று ஈரமாக இருக்கிறது என்று உபகமிட்டி அறிக்கை கொடுத்தது. அதை ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசித்தார்கள். நானும் உட்கார்ந்து கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

கல்யாணத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மெர்வின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, இரண்டு பேரையும் தாஜ் முகம்மது கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். செயலர் பஸ்ஸில் முன்பக்கம் ஏறினார், பொருளாளர் பின்பக்கம். கடைக்காரர் விலை குறைந்த செட்டாக இரண்டு கம்பெனிகளுடையதை எடுத்து வைத்தார். இரண்டும் நல்ல சாமான், விலையிலும் பெரிய வித்தியாசமில்லை, எதையாவது ஒன்றை முழு செட்டாக எடுத்துக்கொள்ளுங்கள், கொடுப்பதும் வாங்குவதும் ஒரே கம்பெனியாக இருந்தால் போதும் என்றார். கடைக்கு வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சொல்கிற வார்த்தைதான்.

பொருளாளருக்கு விலையைக் கேட்டதும் முகம் வாடிவிட்டது. "இம்புட்டு மலிவா இருந்தா எப்படி வே பிரதிஷ்டை வைக்க? வாரவங்களுக்குப் போடுத மாலையே இதைவிடக் கூட ஆகுமே. ஜனங்க நம்மளைப் பத்தி என்ன நெனைக்கும்?" என்று கடைக்காரரிடம் வருத்தப்பட்டார். ஆனாலும் செயலர் ஒரு பெட்டியைக் கையில் எடுத்துவிட்டதைப் பார்த்ததும் அவர் சட்டென்று மற்றப் பெட்டியை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். தெரிவு முடிந்தது. அந்த நிமிஷத்திலிருந்து ஒன்று கிழக்கடுப்பு டிரிக்கர், மற்றது மேற்கடுப்பு டிரிக்கர்.

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் கோயில் வாசலில் இதே பேச்சு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாதவர்கள்தான் உரக்கப் பேசினார்கள். ஒரு வீட்டில் மாமியார் கிழக்கு, மருமகள் மேற்கு. மூன்று நாள் தனித்தனி உலை. கடைசியில் கமிட்டிக் கூட்டத்தில் ஐயர், வாழ்க்கையில் முதல் முறையாக, ஜெபிப்போம் என்பதற்கு முன்னால் ஒரு யோசனை சொன்னார். சாலொமோன் ராஜாவின் நியாயம் அவர் மனதில் இருந்திருக்க வேண்டும். அந்தக் கதையில் பிள்ளையைக் கடைசிவரை வெட்டவில்லை என்பதை மறந்துவிட்டார். உத்தரவு கொடுக்கிற பெட்டி செயலர் தேர்ந்த கம்பெனியில் வாங்கலாம், உத்தரவை வாங்குகிற பெட்டிகள் பொருளாளர் தேர்ந்த கம்பெனியில் வாங்கலாம், ஒருவரும் தோற்கவில்லை என்றார். கூட்டமே எழுந்து நின்று அல்லேலூயா சொன்னது.

மெர்வினும் எழுந்து நின்றான். இந்தக் கம்பெனிப் பெட்டி கொடுக்கிற உத்தரவு அந்தக் கம்பெனிப் பெட்டிக்குப் புரியாது, இரண்டும் ஒன்றோடொன்று பேசாது, பிளாஷ் எரியாது என்று சொன்னான்.

"அலைக்கு என்னலே கம்பெனி?" என்றார் செயலர். "அது ஆண்டவர் படைச்ச அலை. பேசாதாம்லா. ஏலே, நானும் பொருளாளரும் பேசி எத்தனை வருஷமாச்சு, சபை நடக்கலியா? பேச்சுவார்த்தையே இல்லாம ஒரு கோயிலை நடத்திக் காட்டிட்டோம். ஒரு பிளாஷு எரியாதுன்னு சொல்லுத."

பொருளாளரும் தலையசைத்தார், ஐயரைப் பார்த்துத்தான்.

பிரதிஷ்டை தடபுடலாக நடந்தது. வாசலில் வாழைமரம், ஒலிபெருக்கி, பாடகர் குழுவுக்குப் புதுச் சேலை. கமிட்டி உறுப்பினர்கள் அத்தனை பேருடைய பெயரும் பொறித்த கறுப்புக் கல்வெட்டை நாலு ஆள் தூக்கிச் சுவரில் பதித்தார்கள். டிரிக்கரைச் செயலர் சட்டைப் பையில் வைத்திருந்தார். ரிப்பனைச் செயலரும் பொருளாளரும் ஆளுக்கொரு கத்தரிக்கோலால் இரண்டு இடத்தில் வெட்ட, நடுத்துண்டு கீழே விழுந்தது. பிறகு மெர்வினை இயக்கிக் காட்டச் சொன்னார்கள். அவன் டிரிக்கரை வாங்கிக் கேமராவின் மேல் மாட்டிப் பட்டனை அழுத்தினான். ஒன்றும் எரியவில்லை. மறுபடி அழுத்தினான். சபை அவனையே பார்த்தது. ஐயர் சூழ்நிலையைப் புரிந்துகொண்டு, "ஜெபிப்போம்" என்றார்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஜெபத்தின் நடுவில் கரண்ட் போயிற்று. கொஞ்ச நேரத்தில் வந்தது. மூடிய கண்ணுக்கு மேல் பளிச்சென்று வெளிச்சம் தட்டியதும் முன்வரிசையில் ஒருவர் ஸ்தோத்திரம் என்றார், பின்வரிசையில் கைதட்டினார்கள், அப்புறம் மொத்தச் சபையும் தட்டியது. கருவி சிறப்பாக இயங்கியதாகவும், அதைச் சபையார் அனைவரும் கண்டதாகவும் அன்றைக்கே தீர்மானம் எழுதிவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு கண்டார்கள் என்பதை யாரும் எழுதவில்லை.

இதன் பிறகு மெர்வினின் நிலைமை திரிசங்கு சொர்க்கம். கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது செயலர் வீட்டுக்குப் போய், இந்த ஒரு கல்யாணத்துக்கு மட்டும் தாஜ் முகம்மது கடையிலிருந்து ஒரு செட் கொண்டுவந்து எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டான்.

"வேலை செய்யுத கருவி இருக்கையில வேற கருவி எதுக்கு?"

"அது எரியலியே சார்வாள்."

"எரியுதுன்னு தீர்மானம் இருக்குல்லா. இப்ப எரியலன்னு சொன்னா சபையே பொய் சொல்லிட்டுன்னு ஆகும். உங்கம்மா கோயிலே கதின்னு கெடக்கவ, அவ மனசு சங்கடப்படுத மாதிரி பேசாத."

மெர்வினுக்கு அழுகை வந்தது. என்னிடம் பிற்பாடு அவனே சொன்னான். அந்த ஆற்றாமையில், அப்படியானால் பிளாஷுக்குப் பின்னால் சோதிப்பதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, அதை ஒவ்வொருத்தராக நின்று கையால் அமுக்குங்கள் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டான். கிண்டலுக்குச் சொன்னது. செயலர் எழுந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்று மாலையே அவசரக் கூட்டம். கருவியின் இயக்கத்துக்குத் துணையாக மனிதக் கரங்களைப் பயன்படுத்துவது என்று முடிவு. இடது ஓரத்து பிளாஷைச் செயலரே அமுக்குவார். அப்படியென்றால் வலது ஓரத்தைப் பொருளாளரே அமுக்குவார்.

வேறு வழி இல்லாததால் மெர்வின் அதிலும் ஒரு கணக்குப் போட்டான். கேமராவின் கண்ணை ஒரு வினாடி திறந்து வைத்துக்கொள்வது, அதே நேரம் தன் இடது கையைத் தூக்குவது. கை எழும்பியதும் இருவரும் அமுக்கினால் படம் விழுந்துவிடும். கோயிலுக்குள் கத்த முடியாது, அதனால் என் கையை மட்டும் பாருங்கள் என்று இருவரிடமும் தனித்தனியாகச் சொன்னான். ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிடலாம் என்றான். பொருளாளர் சிரித்தார். நிர்வாகத்தில் இருக்கிறவனுக்கு ஒத்திகை எதற்கு என்று கேட்டார்.

கல்யாணத்தன்று சாரம்மாள் மாம்பழ நிறப் பட்டுக் கட்டியிருந்தாள். ஜாக்கெட்டை அவளே தைத்திருந்தாள். வெள்ளைச் சேலையில் ஸ்டெபி. இருவரும் வாசலில் வந்து நின்றபோது ஆர்கன் எழுந்தது, சபையும் எழுந்தது. சாரம்மாளுக்கு முதல் நாலைந்து எட்டுக் கால் பின்னியது. பிறகு நிமிர்ந்து நடந்தாள். அவள் அப்படி நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை. மெர்வினுக்குக் கேமராவின் கண் மங்கியது, துடைத்துக்கொண்டான்.

செயலரும் பொருளாளரும் புது வேட்டியில், ஆளுக்கொரு ஓரத்தில், பிளாஷின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். படத்தில் தெரிய வேண்டும் என்று இருவரும் அரை எட்டு முன்னால் வந்திருந்தார்கள். அம்மாவும் மகளும் சரியான இடத்துக்கு வந்ததும் மெர்வின் கேமராவைத் திறந்து கையைத் தூக்கினான். ஒருவரும் அவன் கையைப் பார்க்கவில்லை. செயலர் பொருளாளரின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார், பொருளாளர் செயலருடையதை. எங்கே அவன் முந்திவிடுவானோ என்கிற பயம். பார்வை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே பிளாஷும் திரும்பிவிட்டது. அம்மாவும் மகளும் அவர்களைத் தாண்டி ஓர் எட்டு முன்னே வந்துவிட்ட பிறகு, பொருளாளரின் விரல் லேசாக அசைந்தது. உடனே செயலர் அமுக்கினார். உடனே பொருளாளரும் அமுக்கினார்.

கிழக்கடுப்பின் வெளிச்சம் மேற்கடுப்பின் முகத்தில் விழுந்தது. மேற்கடுப்பின் வெளிச்சம் கிழக்கடுப்பின் முகத்தில் விழுந்தது. அத்தனை வருஷத்தில் ஒருவர் மற்றவருக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

ஆராதனை முடிந்ததும் மெர்வின் கேமராவின் பின்னால் பார்த்தான். இடது ஓரத்தில் செயலர், மீசையின் ஒவ்வொரு நரையும் தெரிகிறது. வலது ஓரத்தில் பொருளாளர், தங்கப் பல்கூடத் துலங்குகிறது. நடுவில் இருட்டாக இரண்டு உருவங்கள், நடந்த வாக்கில் கலங்கிப்போய். செயலர் எட்டிப் பார்த்து, படம் பிரமாதமாக வந்திருக்கிறது என்றார். பெண்ணும் தாயும் தெரியவில்லையே என்று மெர்வின் சொன்னதற்கு, வேண்டுமானால் இன்னொரு தரம் வாசலிலிருந்து நடந்து வரச் சொல் என்று பெரிய மனது பண்ணினார். சாரம்மாள் பக்கத்தில்தான் நின்றாள். "ஒருக்காதான் சார்வாள் நடக்க முடியும். நடந்துட்டேன்," என்று சொல்லிவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டாள். வெளியே வெயிலில் எடுத்த படங்களெல்லாம் நன்றாகவே இருந்தன. அதற்காக இது இல்லாமல் போனது சரியாகிவிடுமா?

அந்தப் படத்தைக் கமிட்டி மெர்வினிடம் கேட்டு வாங்கிக்கொண்டது. சபையின் கம்பியில்லாக் கருவியால் எடுக்கப்பட்ட முதல் படம் என்று கல்வெட்டுக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டினார்கள்.

ஆறு மாதத்தில் சபைத் தேர்தல் வந்தது. கிழக்கடுப்பு நோட்டீசும் மேற்கடுப்பு நோட்டீசும் ஒரே நாளில் வீடு வீடாக வந்தன. இரண்டு பேரும் சாரம்மாள் வீட்டுக்கு நேரில் வந்தார்கள், ஒருவர் போன பிறகு மற்றவர். உங்கள் வீட்டுக் கல்யாணப் படத்தை ஊரறியச் செய்திருக்கிறோம், ஓட்டை மறந்துவிடாதீர்கள் என்று ஒரே வார்த்தையைத்தான் இரண்டு பேரும் சொன்னார்கள்.

அவர்கள் போன பிறகு சாரம்மாள் நோட்டீஸ்களைத் தையல் மிஷினின் பலகையில் விரித்தாள். கிழக்கடுப்பு நோட்டீசில் படத்தின் இடது ஓரம் மட்டும்: விளக்கோடு செயலர், கீழே 'சபையின் இருளை அகற்றியவர்'. மேற்கடுப்பு நோட்டீசில் வலது ஓரம் மட்டும்: விளக்கோடு பொருளாளர், கீழே 'ஒளி தந்த கரம்'. வெட்டின துணியை ஒட்டுப் பார்ப்பதுபோல் அவள் இரண்டையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. கொஞ்சம் விலக்கி வைத்துப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் பார்த்தாள்.

"எய்யா, நானும் பாப்பாவும் இதுல எங்கன இருக்கோம்?"

மெர்வின் பக்கத்தில் வந்து, இரண்டு காகிதத்துக்கும் நடுவே, வெறும் பலகையின் மேல் விரலை வைத்தான்.

"இங்கனம்மா," என்றான்.